ஊர் விசாரணை

இங்கன உக்காருங்கம்மா. ஜன்னல் பக்கம் நீங்களே வச்சுக்கிடுங்க, எனக்குக் காத்து ஒத்துக்கிடாது. பை மடியிலேயே இருக்கட்டும், மேல வச்சா எறங்குறப்ப மறந்துருவேன். உள்ள பூராவும் காகிதம்தான். ரிட்டையர் ஆகி எட்டு மாசம் ஆச்சு, காகிதம் என்னை விடமாட்டேங்குது பாருங்க.

திருச்சிக்குப் போறேன். நாளைக்கு அங்க ஒரு பயிற்சி. படிக்கப் போகல, நடத்தப் போறேன். பத்து மாவட்டத்து கிளார்க்குமாருக்குச் சொல்லிக் குடுக்கணும். என்ன விஷயம் தெரியுமா? திருநங்கை, திருநம்பிகளுக்கு அடையாளச் சான்று குடுக்கிறது எப்படின்னு. எங்க மாவட்டத்துல அதுல நிலுவையே கிடையாது. பூஜ்யம். கலெக்டராபீஸ்ல அந்த செக்‌ஷனுக்கு நான்தான் சூப்பிரண்டா இருந்தேன். லோகநாயகி சூப்பிரண்டுன்னா எல்லாருக்கும் தெரியும். நோட்டு எழுதினா லோகநாயகி எழுதணும்னு மூணு கலெக்டர் சொல்லியிருக்காவ.

ஆனா ஒரு வருத்தம் இருக்கு, சொல்லுதேன். முப்பத்திமூணு வருஷ சர்வீஸ்ல எனக்கு ஒரே ஒரு மெமோ. அது இந்த விஷயத்துலதான். தப்பு செஞ்சு வாங்கியிருந்தா மனசு ஆறிரும். நல்லது செய்யப் போயி வாங்கினேன். இன்னைக்கு நெனச்சாலும் வயிறு எரியுது.

முறுக்கு எடுத்துக்கிடுங்க. வீட்டுல சுட்டதுதான்.

முன்னாடி எல்லாம் இந்தச் சான்று வாங்குறது லேசு இல்ல. கமிட்டி உக்காரும், டாக்டர் இருப்பாவ, அந்தப் பிள்ளைய வரிசையா நிப்பாட்டி ஆயிரம் கேள்வி கேப்பாவ. எனக்கே பாக்க என்னவோ போல இருக்கும். பெறவு புதுச் சட்டம் வந்துச்சு. டாக்டர் வேண்டாம், கமிட்டி வேண்டாம். ஆளு வந்து, நான் இன்னாருன்னு பிரமாணப் பத்திரம் எழுதிக் குடுத்தா போதும். முப்பது நாளைக்குள்ள கலெக்டர் சான்று குடுக்கணும். நல்ல சட்டம்தான். நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா நீங்களே சொல்லுங்க, ஆளு சொன்னாவே போதும்னா நடுவுல நாங்க எதுக்கு இருக்கோம்? நாளைக்கு எவனாவது ஒருத்தன் பொய் சொல்லி வாங்கிட்டுப் போனா? இதுவரைக்கும் அப்படி ஒருத்தனும் வரல. வந்தா? யாரு பதில் சொல்லுவா? இந்த லோகநாயகிதான் சொல்லணும்.

அப்பதான் அந்தப் பிள்ளை வந்தா. செவ்வந்தின்னு பேரு. பொறந்தப்ப வச்ச பேரு மாரிச்செல்வம். அவன்னு சொல்லவா, அவன்னு சொன்னா இப்ப சில பேருக்குக் கோவம் வருது, அவள்னே சொல்லுதேன், எனக்கு அதுல ஒண்ணும் கிடையாது. இருவத்தாறு வயசு இருக்கும். நல்ல உசரம். வெள்ளையில சின்னப் பூப்போட்ட சுடிதார் போட்டு, ஃபைலை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நின்னா. மத்த செக்‌ஷன்ல எல்லாரும் எட்டி எட்டிப் பாக்காவ. நான்தான் நாற்காலியைப் போடச் சொல்லி, டீயும் வாங்கிக் குடுத்தேன். நானும் ஒரு பொம்பளைதானம்மா.

லேப் டெக்னீசியன் படிச்ச பிள்ளை. சர்க்கார் வேலைக்குப் பரீட்சை எழுதிப் பாஸ் ஆயிருக்கா. அடுத்து சர்டிபிகேட் சரிபாக்கக் கூப்பிட்டிருக்கு. மார்க்‌ஷீட் பூராவும் மாரிச்செல்வம், ஆண்னு இருக்கு. போய் நிக்கப்போறது இந்தக் கோலத்துல. நடுவுல இந்தச் சான்று இருந்தா அவ தப்பிச்சா. இல்லன்னா முடிய வெட்டிப் பேன்ட் சட்டை மாட்டிக்கிட்டுப் போகணும், இல்ல அந்த வேலையை மறந்துரணும். கையில இருந்தது அஞ்சு வாரம்.

டீ குடிச்சுக்கிட்டே எல்லாம் சொன்னா. ஊரு வேப்பங்குறிச்சி. வீட்டுல அப்பா, அண்ணன், ஒரு தங்கச்சி. மெட்ராஸ்ல கம்பெனி வேலை பாக்கான்னு அவங்களுக்கு நெனப்பு. ஆனா இங்கன டவுன்லதான் ரூம் எடுத்து இருக்கா. அம்மாவுக்கு மட்டும் தெரியும். அந்தம்மா மாசம் ஒருக்க கண்ணாஸ்பத்திரிக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்து, இவ தலைக்கு எண்ணெய் வச்சு விட்டுட்டுப் போகுமாம். செவ்வந்திங்கிற பேரே அம்மா வச்சதுதானாம். சொல்லும்போது அந்தப் பிள்ளை முகத்துல ஒரு சிரிப்பு. எனக்கே கண்ணு கலங்கிருச்சு.

தங்கச்சிக்கு அப்பதான் நிச்சயம் ஆகியிருக்கு. ஆவணியில கல்யாணம். அதனால மனுவோட ஒரு துண்டுக் காகிதம் பின் பண்ணியிருந்தா. ‘நிரந்தர முகவரிக்குத் தயவுசெய்து தொடர்பு கொள்ள வேண்டாம்’னு. கீழ ரெண்டு கோடு போட்டிருந்தா. கைய எடுத்துக் கும்பிட்டு வாயாலயும் சொன்னா.

நான் அதைப் பாக்கலன்னு சொல்லமாட்டேன். பாத்தேன். ஆனா ஃபைல்ல துண்டுக் காகிதத்துக்கு எங்கம்மா இடம்?

நீங்க ரெவின்யூல வேலை பாத்ததில்லை, உங்களுக்குத் தெரியாது. எங்ககிட்ட சாதிச் சான்று, வாரிசுச் சான்று, எந்தச் சான்றுன்னாலும் வி.ஏ.ஓ. ஊருல போய் விசாரிச்சு, அஞ்சு பேர் வாக்குமூலம் வாங்கி ரிப்போர்ட் போட்டாதான் ஃபைல் நகரும். நான் சேந்த நாள்லேர்ந்து அதுதான் முறை. ஊர் விசாரணை இல்லாத ஃபைல்ல நான் கையெழுத்து வச்சதே கிடையாது. புதுச் சட்டத்துல விசாரணை வேண்டாம்னு போட்டிருந்துச்சு, வாஸ்தவம்தான். ஆனா விசாரிக்கக் கூடாதுன்னு போடலையே? எனக்குப் பட்டது என்னன்னா, நாளைக்கு இந்தப் பிள்ளை சான்றை எவனாவது செல்லாதுன்னு சொன்னா, நம்ம ஃபைல்ல அஞ்சு சாட்சி இருக்கணும். அவளுக்குப் பலமா இருக்கும்னுதான் அனுப்பினேன். எதிரா அனுப்பல.

வேப்பங்குறிச்சி வி.ஏ.ஓ. இருதயராஜ். நல்ல பையன். சொன்ன வேலையைச் சொன்ன நாள்ல முடிப்பான். அன்னைக்கு ரேஷன் கடையில சீனி போடுற நாளு. வீடு வீடா ஏறி எறங்குறதுக்கு ஒரே இடத்துல ஊரே நிக்கே, அங்கனயே முடிச்சிரலாம்னு போயிருக்கான். மனுவுல இருந்த போட்டோவை எல்லாரும் பாக்கும்படியா தூக்கிக் காட்டி, ‘பரமசிவம் மகன் மாரிச்செல்வம் திருநங்கையா இருக்கிறது உங்களுக்குத் தெரியுமா?’ன்னு கேட்டிருக்கான். படிவத்துல அப்படித்தான் கேள்வி. அவனா ஒண்ணும் கூட்டிச் சொல்லல.

அஞ்சு பேரும் கையெழுத்துப் போட்டுட்டாவ. ரெண்டு பேரு கைரேகை. மூணாவது சாட்சி யாரு தெரியுமா? தங்கச்சிக்கு நிச்சயம் ஆன மாப்பிள்ளையோட சித்தப்பா. இருதயராஜுக்கு அது எப்படித் தெரியும் பாவம்? பையை நீட்டிக்கிட்டு கியூவுல நின்ன மனுசன்.

ரிப்போர்ட்னா அப்படி ஒரு ரிப்போர்ட்டும்மா. ‘மேற்படி நபர் திருநங்கை என்பது ஊரறிந்த உண்மை என ஐந்து சாட்சிகளின் வாயிலாகத் தெரியவருகிறது.’ முழுக்க அவளுக்குச் சாதகம். அன்னைக்குக் காலையில பதினோரு மணி வரைக்கும் எங்கம்மாவைத் தவிர ஊருல ஒருத்தருக்கும் தெரியாதேன்னு அவ பின்னாடி சொன்னா. இருக்கலாம். ஆனா இருதயராஜ் ரிப்போர்ட் எழுதுறப்ப மணி ஒண்ணு. அப்ப எல்லாருக்கும் தெரிஞ்சுதான இருந்துச்சு? ரிப்போர்ட்ல பொய் இல்ல.

தண்ணி இருக்கா உங்ககிட்ட? ஒரு மடக்கு குடுங்க. பேசிப்பேசி தொண்டை காஞ்சு போச்சு.

ஃபைலை நோட்டு போட்டு மேல அனுப்பினேன். ‘விசாரணை சாதகம், சான்று வழங்கலாம்.’ அதோட முடிஞ்சிருக்கணும். அந்த நேரம் பாத்து ட்ரெய்னிங்குக்கு ஒரு ஐ.ஏ.எஸ். புள்ள வந்திருந்துச்சு. எங்க சின்ன மகளைவிட ரெண்டு வயசு கூட இருக்கும். எல்லா ஃபைலையும் படிச்சுப் பாக்கும். இதைப் படிச்சுட்டு என்னைக் கூப்பிட்டு நிக்க வச்சுக் கேக்கு, ‘விசாரணைக்கு அனுப்பச் சொல்லி உங்களுக்கு யார் சொன்னது?’ன்னு. முறைன்னு சொன்னேன். ‘எந்த விதியில இருக்கு, காட்டுங்க’ங்கு. அந்தத் துண்டுக் காகிதத்தை எடுத்து மேசையில வச்சு, ‘இதை நீங்க படிச்சீங்களா இல்லையா?’ன்னு கேக்கு. படிச்சேன்னு சொன்னேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கம் இல்ல. மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு ஜன்னலைப் பாத்துச்சு. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி, அந்தக் கதைதான் அது.

திங்கக்கிழமை மெமோ வந்துச்சு. விதிக்கு மாறா நடந்து, மனுதாரருக்குப் பாதிப்பு உண்டாக்கினதுக்கு ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாதுன்னு பதினஞ்சு நாளைக்குள்ள விளக்கம் குடுக்கணுமாம். ரிட்டையர்மெண்டுக்கு நாலு மாசம் இருக்கு. அன்னைக்கு நான் சாப்பாட்டு டப்பாவைத் தொறக்கலம்மா. கூடவே இன்னொரு உத்தரவு, அந்தப் பிள்ளைக்கு உடனே சான்று தயார் பண்ணுன்னு. பண்ணினேன். செவ்வாக்கிழமையே டைப் அடிச்சு, போட்டோ ஒட்டி, கலெக்டர் மேசைக்குப் போயிருச்சு. அவரு கேம்ப் போயிருந்தாரு, வியாழக்கிழமை வந்து கையெழுத்துப் போடணும். அவ்வளவுதான் பாக்கி.

புதன்கிழமை அவளே வந்து நிக்கா.

அதே பூப்போட்ட சுடிதார்தான். கண்ணு ரெண்டும் வீங்கியிருக்கு. உக்காருன்னேன், உக்காரல. ரேஷன் கடையில நடந்தது அன்னைக்கே அவங்க அண்ணன் காதுக்குப் போயிருக்கு. அம்மா இத்தனை நாளும் மறைச்சுட்டான்னு அவன் அம்மாவை அடிச்சு, வலது கை ஒடிஞ்சு போச்சாம். அப்பா பேசுறதையே விட்டுட்டாராம். மாப்பிள்ளை வீட்டுல கல்யாணத்தை நிப்பாட்டிட்டாவ. அண்ணன்காரன் அம்மாகிட்ட அட்ரசைப் பிடுங்கிக்கிட்டு ரூமுக்கே வந்து சொல்லியிருக்கான், நான் அப்படி இல்லன்னு சர்க்கார் சீல் வச்ச காகிதம் ஒண்ணு கொண்டுவா, மாப்பிள்ளை வீட்டுல காட்டுதேன், கல்யாணம் நடந்துச்சுன்னா அம்மாவைப் பாக்க விடுவேன், இல்லன்னா இந்த ஜென்மத்துல பாக்க முடியாதுன்னு. எனக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா அது குடும்ப விஷயம். நாம எப்படித் தலையிடுறது?

அவ சொன்னா, ‘மேடம், நான் குடுத்த மனுவே பொய்னு எழுதித் தாரேன். அதுல ஒரு சீல் வச்சுக் குடுங்க. என் தங்கச்சி கல்யாணம் நடந்துரட்டும்.’

நான் அப்படியே பதறிட்டேன். ‘ஏட்டி, பொய்னு எழுதினா பிரமாணப் பத்திரத்துல பொய் சொன்னதா உன் மேலயே கேஸ் வரும். அதெல்லாம் வேண்டாம். மனுவை வாபஸ் வாங்குறதா எழுதிக் குடு, நான் ஏத்துக்கிட்டு சீல் வச்சுத் தாரேன்’னேன். பாத்துக்கிடுங்க, அங்கனயும் அவளைக் காப்பாத்தினது நான்தான். வாசகத்தை நானே சொன்னேன், அவ எழுதினா. ‘சொந்த விருப்பத்தின் பேரில் வாபஸ் பெறுகிறேன். வருங்காலத்தில் இது தொடர்பாக எந்தக் கோரிக்கையும் வைக்க மாட்டேன்.’ அதுக்குக் கீழ இன்னொரு வரி சேத்தேன். ‘நடைபெற்ற விசாரணை குறித்து எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை.’ அந்த வரி வந்ததும் பேனாவை நிப்பாட்டி என்னைப் பாத்தா. எழுதும்மா, வழக்கமா போடுற வரிதான்னு சொன்னேன். எழுதிட்டா.

நீங்க என்ன யோசிக்கியன்னு தெரியுது. சான்று டைப் அடிச்சு மேல இருக்கே, அதை அவகிட்ட சொன்னியளான்னு கேக்கிய. சொல்லல. சொன்னா அந்தப் பிள்ளை மனசு குழம்பும். ஒரு முடிவெடுத்து வந்திருக்கு, அதைப் போய் நாம கலைக்கலாமா? என் மெமோவுக்காகச் சொல்லலன்னு நெனைக்காதிய. சத்தியமா அது அப்ப ஞாபகத்துலயே இல்ல. மறுநாள் விளக்கம் எழுத உக்காந்தப்பதான், ‘மனுதாரர் தாமே வாபஸ் பெற்றுவிட்டார், விசாரணையில் அவருக்கு ஆட்சேபணை இல்லை’ன்னு எழுதலாமேன்னு தோணுச்சு. எழுதினேன். மெமோவைக் கைவிட்டுட்டாவ. டைப் அடிச்ச சான்றை நடுவுல கோடு போட்டு ரத்துன்னு எழுதி ஃபைல்லயே வச்சாச்சு.

ஆனா மெமோ மெமோதான. குடுத்தாங்கங்கிற பேரு போகுமா? ஊர் வாயை மூட உலைமூடி இல்லம்பாவ. பிரிவுபசார விழாவுக்கு அந்த ஐ.ஏ.எஸ். புள்ள வரவே இல்ல. மாலை மட்டும் குடுத்து அனுப்பியிருந்துச்சு. வேண்டாம்னு வச்சுட்டு வந்துட்டேன்.

கல்யாணமா? அது நடக்கல. இருதயராஜ் சொன்னான். மாப்பிள்ளை வீட்டுல அந்தக் காகிதத்தை வாங்கிப் படிச்சுட்டு, ‘வாபஸ் வாங்குதான்னா மனு போட்டது நிஜம்தான?’ன்னு கேட்டாவளாம். சரியாத்தான கேட்டிருக்காவ. படிச்ச குடும்பம். அந்தம்மா இப்ப கண்ணாஸ்பத்திரிக்கு வாறதில்லையாம். கை சரியாச்சா என்னன்னு நானும் கேட்டுக்கிடல. ஃபைலை முடிச்ச உத்தரவை அவ ரூம் அட்ரசுக்கு ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பினேன். முகவரியில் ஆள் இல்லைன்னு திரும்பி வந்துருச்சு. வேலைக்குப் போனாளான்னும் தெரியல. போயிருக்க மாட்டா.

அதுக்குப் பெறவு ஒரு விசேஷம் பாருங்க. எங்க மாவட்டத்துல ஒரு விண்ணப்பம் கூட வரல. மாசம் நாலு அஞ்சு வந்துக்கிட்டு இருந்துச்சு, அப்படியே நின்னு போச்சு. வேணுங்கிறவங்க எல்லாம் வாங்கிட்டாவன்னு நெனைக்கேன். மேல இருந்து ஒவ்வொரு மாவட்டமா கணக்கெடுத்தப்ப மத்தவங்களுக்கு எல்லாம் நூறு நிலுவை, இருநூறு நிலுவை. எங்களுக்கு விண்ணப்பமும் இல்ல, நிலுவையும் இல்ல. பாராட்டுக் கடிதம் வந்துச்சு. அந்த முறையை மத்தவங்களுக்கும் சொல்லிக் குடுக்கணும்னுதான் நாளைக்குக் கூப்பிட்டிருக்காவ. இருதயராஜ் ரிப்போர்ட்டை மாதிரிக்குன்னு பத்து காப்பி ஜெராக்ஸ் எடுத்து வச்சிருக்கேன். பேரு இருக்கிற இடத்துல வெள்ளைத்தாள் ஒட்டிட்டேன். நமக்கும் மனசாட்சி இருக்குல்ல.

மனசாட்சின்னதும்தான் சொல்லுதேன், ஒண்ணு மட்டும் எனக்கு அடிக்கடி ஞாபகம் வருது. ஏன்னு தெரியல. வீட்டுல சும்மா அரிசி களையும்போது கூட வருது.

அன்னைக்கு வாபஸ் கடிதம் எழுதி முடிச்சு கையெழுத்துப் போட்டா. பாத்தா, செவ்வந்தின்னு போட்டிருக்கா. ‘இந்தப் பேருல சர்க்கார்ல ஆளே இல்லையேம்மா, இனிமே வரவும் செய்யாது. மாரிச்செல்வம்னு போடு’ன்னு புதுத்தாள் ஒண்ணு குடுத்தேன். அடிச்சுத் திருத்தினா செல்லாது. கடிதம் பூராவும் மறுபடி எழுதினா. கையெழுத்துக்கு வந்ததும் பேனாவை வச்சுக்கிட்டு அப்படியே இருக்கா. கை நகரல. என்னம்மான்னு கேட்டேன்.

‘எப்படிப் போடுவேன்னு மறந்து போச்சு மேடம்’னா.

நிஜமாவே மறந்துட்டா. நடிக்கல. நான்தான் ஃபைலைத் தொறந்து, பத்தாங்கிளாஸ் மார்க்‌ஷீட் ஜெராக்ஸை எடுத்து அவ முன்னாடி வச்சேன். அதுல பதினஞ்சு வயசுல போட்ட கையெழுத்து இருந்துச்சு. விரலை அது மேல வச்சு ஒவ்வொரு எழுத்தா பாத்துப் பாத்து, சின்னப் பிள்ளைங்க சிலேட்டுல எழுதுற மாதிரி பையப் பைய எழுதினா. எழுதி முடிச்சுத் தாளை என் பக்கம் திருப்பி, ‘சரியா இருக்கா மேடம்?’னு கேட்டா.

ரெண்டையும் பக்கத்துல வச்சு ஒத்துப் பாத்தேன். சரியா இருக்குன்னு சொல்லி சீலை வச்சேன்.